சுதந்திர தின அழைப்பு

செவெரேன் யாபெந்தெ எங்கள் யாலிங்பா ஊரில் மூன்று ஆட்சியர்களுக்குக் கார் ஓட்டியவன். முதலாமவர் குடிகாரர். இரண்டாமவர் குடிக்க மாட்டார். ஆனால் ஏறி உட்கார்ந்ததும் குறட்டை விடுவார். மூன்றாமவர் தெல்ஃபேன் மொக்போமா. அவர் பேசுவார். அந்தப் பேச்சில்தான் செவெரேன் விழுந்தான்.

அதற்கு முன் காட்டிலிருந்து மரம் ஏற்றிவரும் லாரியில் இருந்தான். ஒருநாள் சங்கிலி அறுந்து கட்டை உருண்டதில் கூட வேலை செய்தவன் நசுங்கிச் செத்தான். அன்றோடு லாரியை விட்டுவிட்டு, யார் யார் காலையோ பிடித்து ஆட்சியர் அலுவலகத்தில் நுழைந்துவிட்டான். வெள்ளைச் சட்டை, கறுப்புக் கால்சட்டை, பானெட்டில் சின்னக் கொடி பறக்கிற கார். அது சந்தைத் தெருவுக்குள் திரும்பினால் மரவள்ளி மாவு விற்கிற பெண்கள், "ஏய், கூடையை இழுடி, அரசாங்கம் வருது!" என்று ஒருத்திக்கொருத்தி கத்துவார்கள். அந்த அரசாங்கத்தில் தானும் சேர்த்திதான் என்று செவெரேனுக்கு உள்ளுக்குள் ஒரு நினைப்பு.

மொக்போமா தலைநகரில் மாணவர்களுக்குச் சட்டம் சொல்லிக்கொடுத்தவர். நெட்டையான ஒல்லி மனிதர். தங்கச் சரிகை வைத்த தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு வழி நெடுகப் பேசிக்கொண்டே வருவார். "செவெரேன், முன்னாடி பறக்குதே, அதை வெறும் துணின்னு நினைக்காதே. அது பறக்கிற இடத்துல எவனும் நம்மளைக் கேள்வி கேக்க முடியாது. எங்க தாத்தா காலத்துல வெள்ளைக்காரன் ரப்பர் கொண்டா, பருத்தி கொண்டான்னு சாட்டையால அடிச்சான். இன்னைக்கு எவன் அடிப்பான்?" செவெரேன் கண்ணாடியில் அவரைப் பார்த்து, "எவன் அடிப்பான் ஐயா?" என்பான். மனைவி ஒதீல் காய்ச்சலில் படுத்தபோது தன் வீட்டு மருந்துப் பெட்டியையே கொடுத்து அனுப்பியவர் மொக்போமா. அவர் கேட்டிருந்தால் செவெரேன் ஆற்றுக்குள்ளும் காரை விட்டிருப்பான்.

நண்பர்கள் வந்தது அந்தக் காலத்தில்தான். நண்பர்கள் என்று நாங்கள் சொல்லவில்லை, ரேடியோ சொல்லச் சொன்னது. வடக்கிலிருந்து கலகக்காரர்கள் தலைநகரை நெருங்கிவிட்டார்கள், ஜனாதிபதி பெட்டி கட்டிவிட்டார் என்று பேச்சு அடிபட்ட வாரம், பெரிய பெரிய விமானங்களில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் வந்து இறங்கினார்கள். கலகக்காரர்கள் ஓடினார்கள். ஜனாதிபதி பெட்டியை அவிழ்த்தார். நம் நாடு பிழைத்தது, நட்பு நாட்டின் உதவியால் நம் சுதந்திரம் பிழைத்தது என்று ரேடியோவில் நாள் முழுக்கப் பாட்டு. அதற்கப்புறம் ஜனாதிபதியைச் சுற்றி நம் ஆட்கள் நிற்பதில்லை. கழிப்பறைக்குப் போனாலும் வாசலில் நண்பர் ஒருவர் காவல் நிற்கிறார் என்று தலைநகர் லாரிக்காரர்கள் சொல்லிச் சிரிப்பார்கள்.

எங்கள் ஊருக்கு மேற்கே தொக்போ மலை. அங்கே ஊர்க்காரர்கள் சல்லடையும் மண்வெட்டியுமாகப் பொன் தோண்டிப் பிழைத்தார்கள். நண்பர்கள் வந்து மலையைக் கேட்டார்கள், ஜனாதிபதி கொடுத்தார். தோண்டிக்கொண்டிருந்தவர்களில் ஓடியவர்கள் பிழைத்தார்கள். முள்கம்பி வேலி வந்தது, இரும்புக் கன்டெய்னர்கள் வந்தன, சாலையில் தடுப்பு வந்தது. ரேடியோ நண்பர்கள் என்றது. நாங்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டு, வெள்ளைக்காரனை எப்போதும் அழைக்கிற மாதிரி, முன்ஜு என்றோம்.

செவெரேனின் தம்பி அரிஸ்தீத் வாடகைக்கு மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவன். வாய் ஓயாதவன். அண்ணனின் வெள்ளைச் சட்டையைக் கண்டால் விட மாட்டான். "அண்ணே, உன் அரசாங்கம் நேத்து சேத்துல சிக்கி நின்னுச்சாமே? நாலு பேர் தள்ளினாங்களாமே?" என்று நடுத்தெருவில் வண்டியை நிறுத்திக் கேட்பான். செவெரேன் கையை ஓங்குவான், அவன் சிரித்துக்கொண்டே பறந்துவிடுவான். கல்யாணமாகி ஒரு வருஷம்தான். மனைவி பெலாஜி நிறைமாதமாக இருந்தாள்.

கருவாட்டு மூட்டையோடு ஒரு வியாபாரியம்மாளை மலைக்கு அந்தப்பக்க ஊரில் விடப் போனவன் திரும்பவில்லை. அந்தம்மாள்தான் செருப்பில்லாமல் ஓடிவந்து செவெரேன் வீட்டு முற்றத்தில் விழுந்தாள்.

"தடுப்புல நிறுத்தச் சொன்னானுங்க. நிறுத்தினான்ப்பா, சத்தியமா நிறுத்தினான். ஏதோ கேட்டானுங்க. அவங்க பாஷை எவனுக்குப் புரியுது? இவன் சிரிச்சான். அவன் பழக்கம் தெரியும்ல, எதுக்கெடுத்தாலும் சிரிப்பானே. துப்பாக்கிக் கட்டையால வாயிலேயே ஒரு போடு. அப்படியே தரதரன்னு உள்ள இழுத்துட்டுப் போயிட்டானுங்க. நான் மீனைப் போட்டுட்டு ஓடியாந்துட்டேன்."

பெலாஜி வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழவில்லை. "மாமா, நீங்க ஆட்சியர் கூடவே இருக்கீங்க. ஒரு வார்த்தை சொன்னா விட்டுருவாங்கல்ல?" என்றாள்.

"விடாம? நாளைக்கே கூட்டிட்டு வரேன். இது நம்ம நாடும்மா."

ஒதீல் அடுப்படியிலிருந்து அவனை ஒரு பார்வை பார்த்தாள்.

மறுநாள் காலை மொக்போமா முழுவதையும் நின்றபடியே கேட்டார். முகம் கடுத்துவிட்டது. "விசாரணை இல்லாம, நீதிபதி இல்லாம, நம்ம குடிமகனைப் பிடிச்சு வைக்க இவங்க யாரு? விருந்தாளி! விருந்தாளி வீட்டுக்காரனைக் கட்டி வைப்பானா? வண்டியை எடு செவெரேன். நானே வரேன்." உள்ளே போய்ச் சீருடை மாற்றிக்கொண்டு வந்தார். தோளில் பட்டை, மார்பில் பதக்கம், தலையில் அந்தத் தொப்பி. கதவைத் திறந்து பிடித்த செவெரேனுக்குக் கண் கலங்கிவிட்டது. மலை வரைக்கும் ஆட்சியர் சட்டப் பிரிவுகளைச் சொல்லிக்கொண்டே வந்தார். அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் ஒவ்வொரு பிரிவும் தம்பியின் கையில் கட்டிய கயிற்றை ஒரு சுற்று அவிழ்ப்பது போல இருந்தது.

முகாம் வாசலில் இருந்த சிப்பாய் துப்பாக்கி முனையால் இறங்கச் சொன்னான். ஆட்சியர் இறங்கித் தம் பதவியைச் சொன்னார். அவன் பானெட்டில் இருந்த கொடியைச் சுண்டிப் பார்த்துவிட்டு, போய் நிழலில் உட்கார்ந்துகொண்டான். ஆட்சியருக்கு நிழல் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து லாந்த்ரி வந்தான். எங்கள் ஊர்ப் பையன்தான்; அவர்கள் நாட்டில் உதவித்தொகையில் படித்துவிட்டு வந்து, இப்போது அவர்களுக்கு மொழிபெயர்க்கிறவன்.

"கொஞ்சம் நிக்கச் சொல்றாங்க ஐயா."

"எவ்வளவு நேரம்?"

"அதெல்லாம் சொல்ல மாட்டாங்க ஐயா."

மழைக்கு நடுவே அடிக்கிற வெயில் தோலை உரிக்கும். வியர்வையில் தொப்பியின் சாயம் கரைந்து ஆட்சியரின் காலரில் இறங்கியது. அவர் தலைநகருக்கு, மந்திரிக்கு ஃபோன் போட்டார். செவெரேன் காதில் இந்தப் பக்கத்துப் பேச்சு மட்டும் விழுந்தது. "ஆமாங்க... இல்லீங்க, உள்ள போகலை, வாசல்லதான்... அது ஒரு சாதாரணப் பையன் விஷயமா... சரிங்க... இல்லீங்க, அப்படி எதுவும் நான் பேசலை... புரியுதுங்க." ஃபோனை வைத்த பிறகு அவர் செவெரேன் பக்கம் திரும்பவே இல்லை.

முகாமுக்குள் வேலியோரம் கன்டெய்னர்கள் வரிசையாக நின்றன. அதில் ஒன்றுக்குள்ளிருந்து யாரோ தகரத்தைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். வேகமாக இல்லை. வேலை முடிந்து களைத்தவன் கதவைத் தட்டுகிற மாதிரி, விட்டு விட்டு.

கடைசியில் தளபதி வந்தான். அரைக்கால் சட்டை, ரப்பர் செருப்பு. டின் மீனைக் கத்தி முனையால் குத்திச் சாப்பிட்டுக்கொண்டே வந்தான். ஆட்சியர் நிமிர்ந்து சல்யூட் அடித்தார். தளபதி வாயில் இருந்ததை மென்று விழுங்கிவிட்டு லாந்த்ரியிடம் ஏதோ கேட்டான்.

"நீங்க யாருன்னு கேக்கறார் ஐயா."

"ஆட்சியர்னு சொல்லு."

"சொல்லிட்டேன். அப்படின்னா என்னன்னு கேக்கறார்."

"ஜனாதிபதியோட பிரதிநிதி. இந்த மாகாணத்துல ஜனாதிபதிக்குப் பதிலா நான்."

தளபதி சொன்ன பதிலுக்கு நிழலில் இருந்த சிப்பாய்கள் சிரித்தார்கள்.

"என்ன சொன்னார்?"

"வேண்டாம் ஐயா, விடுங்க."

"சொல்லுப்பா."

லாந்த்ரி தரையைப் பார்த்தான். "ஜனாதிபதியே எங்களைக் கேட்டுட்டுத்தான் வீட்டை விட்டு வெளிய வர்றார், அவருக்கு ஊரூரா பிரதிநிதி வேறயான்னு கேக்கறார். இப்ப உங்களுக்கு என்ன வேணும்னும் கேக்கறார்."

ஆட்சியர் வாயைத் திறந்தார். செவெரேன் ஓரடி முன்னால் வந்தான். இதோ இப்போது தம்பியின் பெயர் வரப்போகிறது என்று நினைத்தான். உள்ளே தகரம் தட்டுகிற சத்தம் அவனுக்குத் தெளிவாகக் கேட்டது. ஆட்சியருக்கும் கேட்டிருக்கும்.

"சுதந்திர தினம் வருது," என்றார் மொக்போமா. "எங்க விழாவுக்குத் தளபதி தலைமை விருந்தாளியா வரணும். நேர்ல அழைக்கணும்னுதான் வந்தேன்."

"ஐயா..." என்றான் செவெரேன்.

"நீ சும்மா இரு!"

தளபதி தலையாட்டினான். வருகிறானாம். பிறகு மீன் டின்னை வீசிவிட்டுக் காரைச் சுற்றி வந்தான். டயரை உதைத்துப் பார்த்தான். தன் வண்டி ரிப்பேராம், இது நன்றாக இருக்கிறதாம், இங்கேயே இருக்கட்டுமாம். கொடியைப் பிடுங்கி ஆட்சியர் கையில் கொடுத்தார்கள். செவெரேனின் கையிலிருந்து சாவியை வாங்கிக்கொண்டார்கள். இருவரும் நடந்தார்கள்.

செம்மண் சேற்றில் ஆட்சியரின் பளபளக்கும் காலணி புதைந்து புதைந்து வந்தது. மொக்போமா தொப்பியைக் கழற்றி, கொடியை அதற்குள் மடித்து வைத்துக்கொண்டிருந்தார். எதிரே மரவள்ளி மூட்டைகளோடு வந்த பெண்கள் அவரை அடையாளம் தெரியாமல் வழிவிட்டு ஒதுங்கச் சொன்னார்கள். அதற்கப்புறம்தான் சொன்னார்:

"செவெரேன். இன்னைக்கு நீ பார்த்தது எதுவும் நடக்கலை."

"என் தம்பி உள்ள தட்டிட்டு இருந்தான் ஐயா."

"அது யாருன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"யாரா இருந்தாலும் தட்டிட்டுத்தானே ஐயா இருந்தாங்க?"

மறுநாள் செவெரேனுக்கு வேலை போயிற்று. கார் இல்லாத ஆட்சியருக்குக் காரோட்டி எதற்கு என்று எழுத்தர் சொன்னார். செவெரேன் ஆட்சியரின் அறை வாசலில் நின்று கூப்பிட்டுப் பார்த்தான். உள்ளே ஆள் இருந்தது. கதவு திறக்கவில்லை. ஒரு மனிதன் தன்னை அம்மணமாகப் பார்த்துவிட்டவனை அப்புறம் பக்கத்தில் வைத்துக்கொள்ள மாட்டான் என்பது செவெரேனுக்கு அப்போது புரியவில்லை. காரை விட்டுக்கொடுத்த கோபம் என்றுதான் நினைத்தான்.

சாயங்காலம் பனங்கள் கடையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். நடந்ததை நடந்தபடியே சொன்னான். ஆட்சியரின் குரலிலேயே சொன்னான். "நேர்ல அழைக்கணும்னுதான் வந்தேன்!" கடையே உருண்டு சிரித்தது. அவனைச் சுற்றி இத்தனை பேர் சிரித்து அவன் பார்த்ததில்லை. சிரிக்கிறவர்களைப் பார்த்து அவனும் சிரித்தான், பாதியில் தம்பி ஞாபகம் வந்து அழுதான், அதற்கும் சிரித்தார்கள். வாரம் முடிவதற்குள் சந்தையில் ஆட்சியருக்கு 'அழைப்பிதழ்' என்று பெயர் விழுந்துவிட்டது. அவர் நடந்து போனால் பெண்கள் பக்கத்துக் கடைக்காரியிடம், "ஏண்டி, எங்க வீட்டுக்கு எப்ப அழைப்பு?" என்று கேட்பார்கள்.

போலீஸ் கேப்டன் சோங்கா இரண்டு ஆட்களோடு வந்து செவெரேனைக் கூட்டிப்போனான். நாட்டின் கண்ணியத்தையும் நட்பு நாட்டையும் இழிவுபடுத்திய குற்றம். ஆட்சியர் அலுவலகத்துக்குப் பின்னாலேயே லாக்கப். தன் கையால் காரைக் கழுவிய இடத்துக்கு எதிரே. சோங்கா கெட்டவன் இல்லை, வேலையைச் சுத்தமாகச் செய்கிறவன்.

"குப்புறப் படு. கையைத் தலைக்கு அடியில வெச்சுக்கோ, விரல் உடைஞ்சா அப்புறம் வண்டி ஓட்ட முடியாது," என்றான். "நீ குடுத்து வெச்சவன்டா. முன்ஜுகிட்ட மாட்டியிருந்தா என்ன ஆகியிருக்கும்? இது நம்ம அடி. நம்ம ஆளு, நம்ம ரப்பர் பெல்ட். நாமளே நம்மளை அடிச்சுக்கறோம், சுதந்திர நாடுப்பா."

கூட இருந்த போலீஸ்காரர்கள் சிரித்தார்கள். சுவரின் அந்தப் பக்கம் ஆட்சியரின் ஜன்னல். அடி விழுந்த நாட்களில் ஒருதரம்கூட அது திறக்கவில்லை.

ஒதீல் முதல் நாள் ஆட்சியர் அலுவலகத்துக்குப் போனாள். "விசாரணை நடக்குதும்மா" என்றார்கள். இரண்டாம் நாளும் அதேதான். மூன்றாம் நாள் அவள் அங்கே போகவில்லை. அவள் இலையில் சுற்றி அவித்த மரவள்ளி மாவுக் கட்டி விற்கிறவள். யார் கையில் எது இருக்கிறது என்பதைப் பேச்சை வைத்து முடிவு செய்கிறவள் இல்லை. ஒரு கோழியை அடித்து எண்ணெயில் பொரித்தாள், கூடையில் வைத்தாள், நேரே மலைக்கு நடந்தாள். பெலாஜி வழியில் மறித்தாள்.

"அக்கா, அவன் வாசலுக்கா போறே? கோழி எடுத்துட்டா?"

"கட்டினவன் உயிரோட வேணும்டி எனக்கு. ரோஷம் அப்புறம் படலாம்."

வாசலில் சேற்றில் மண்டியிட்டாள். தளபதி கோழியைச் சாப்பிட்டான். எலும்பைக் கடித்துக்கொண்டே அவள் சொல்வதை லாந்த்ரி வழியாகக் கேட்டான். கேட்டு முடித்ததும் வாக்கி டாக்கியை எடுத்துக் கேப்டன் சோங்காவைக் கூப்பிட்டு லாந்த்ரியை ஒரே ஒரு வாக்கியம் சொல்ல வைத்தான். ஒதீல் ஊர் திரும்புவதற்குள் செவெரேன் வீட்டு முற்றத்தில் பாயில் கவிழ்ந்து கிடந்தான். மாகாணத்தின் நீதிபதியும் ஆட்சியரும் சேர்ந்து அவிழ்க்க முடியாத வழக்கு, அது. ஆட்சியரை ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை என்று சோங்காவே வந்து சொன்னான். சொல்லிவிட்டு, முதுகில் தடவ எண்ணெயும் கொடுத்துவிட்டுப் போனான்.

அரிஸ்தீத்தைப் பற்றி லாந்த்ரிதான் வந்து சொன்னான். ஒதீல் மண்டியிட்டபடி அதையும் கேட்டிருக்கிறாள். தளபதி, அது செத்துவிட்டது என்று மழை வந்துவிட்டது போலச் சொல்லியிருக்கிறான். அவளுக்கு அதை வீட்டில் சொல்ல நாக்கு எழவில்லை.

"கன்டெய்னர்ல சூடு தாங்க முடியலைண்ணே. வாய் வேற உடைஞ்சிருந்துச்சு. தண்ணி குடுக்க யாரும் போகலை." லாந்த்ரி எழுந்தவன் மறுபடி உட்கார்ந்தான். "நீங்களும் ஆட்சியரும் வாசல்ல நின்னீங்களே, அன்னைக்கு உயிரோடதான் இருந்தான். அன்னைக்கு ராத்திரிதான்."

"அவர் கேட்டிருந்தா விட்டிருப்பானா?"

"தெரியலைண்ணே. விட்டிருப்பான்னுதான் தோணுது. அவனுக்கு அது ஒரு விஷயமே இல்லை. யாரோ கேட்டா விடுவான், கேக்கலைன்னா மறந்துடுவான்."

உடல் மலையடிவாரத்தில் எங்கேயோ மண்ணுக்குள் இருந்தது. கேட்டால் கிடைக்காது என்றான் லாந்த்ரி. அப்புறம்தான் வந்த வேலையைச் சொன்னான். தளபதிக்கு அந்தக் காரை ஓட்ட ஊர் வழி தெரிந்த ஆள் வேண்டும். செவெரேன் நாளையிலிருந்து வர வேண்டும்.

"வரலைன்னா?"

லாந்த்ரி பெலாஜியின் வயிற்றையும் ஒதீலையும் பார்த்தான். மிரட்டலாகப் பார்க்கவில்லை, பரிதாபமாகத்தான் பார்த்தான். செவெரேன் முதுகுப் புண் ஆறுவதற்கு முன்பே வேலைக்குப் போனான். இருக்கையில் சாய முடியாமல், ஸ்டீயரிங்கைக் கட்டிப்பிடித்தபடி தம்பியைக் கொன்றவனை ஊரெல்லாம் ஓட்டிக்கொண்டு போனான். சாயங்காலம் முகாமின் தண்ணீர்த் தொட்டியடியில் காரைக் கழுவி நிறுத்தினான். தளபதி அவனுக்கு அரிசி மூட்டை கொடுத்தான், கூரைக்குத் தகரம் கொடுத்தான், தோளில் தட்டினான். அரிஸ்தீத் இவனுடைய தம்பி என்பது அவனுக்கு ஞாபகம் இருந்ததா என்பதே சந்தேகம்தான்.

ஊருக்கும் வழி தெரிந்துவிட்டது. வேலித் தகராறா, மாடு காணாமல் போயிற்றா, மருமகள் ஓடிப்போனாளா, எல்லாரும் கூடையோடு மலைக்குப் போனார்கள். போகிற வழியில் செவெரேன் வீட்டில் ஒரு கும்பிடு. ஆட்சியர் அலுவலகத்து வராந்தாவில் ஆடுகள் படுத்தன.

சுதந்திர தினம் வந்தது. மைதானத்தில் பந்தல். நடு நாற்காலி தளபதிக்கு. கார் வந்து நின்றதும் மொக்போமா ஓடிவந்து கதவைத் திறந்தார். ஸ்டீயரிங்கில் இருந்தவனைப் பார்த்ததும் அவர் கை கதவிலேயே ஒட்டிக்கொண்டது. செவெரேன் நேராகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

ஆட்சியர் பேசினார். நல்ல பேச்சுத்தான். காரில் பேசிய அதே பேச்சு. நம் தாத்தாக்கள் சாட்டையடி பட்டார்கள், இன்று நம்மை அதட்ட யாருமில்லை, நம் தலைவிதி நம் கையில்... கூட்டத்தில் யாரோ ஒருத்தி, "அழைப்பிதழ்!" என்று கத்தினாள். பந்தலுக்குள் சிரிப்பு புகுந்தது. தளபதிக்கு அலுத்துவிட்டது. கொட்டாவி விட்டு எழுந்தான். அவன் எழுந்ததும் விழா முடிந்துவிட்டதாக நினைத்து வாத்தியக்காரர்கள் தேசிய கீதத்தை ஆரம்பித்துவிட்டார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் அணிவகுப்பை ஆரம்பிக்கவே இல்லை. ஆட்சியர் பாதி வாக்கியத்தோடு சல்யூட்டில் நின்றார்.

தளபதி மரத்தடியில் ஒன்றுக்குப் போன நேரத்தில் மொக்போமா கார் ஜன்னலுக்கு வந்தார். கன்னங்கள் ஒட்டிப்போயிருந்தன.

"செவெரேன்... என்னை மாத்தப்போறதாத் தலைநகர்ல பேச்சு. எனக்கு நாலு பிள்ளைங்க. தளபதி ஒரு வார்த்தை சொன்னா நிறுத்திடுவாங்க. நீங்க சொன்னா அவர் கேப்பார்."

நீங்க என்றார். செவெரேனின் முதுகு எரிந்தது.

"அன்னைக்கு அவர் உங்களை என்ன வேணும்னு கேட்டாரே ஐயா?"

"நான் பயந்துட்டேம்ப்பா."

மூன்று ஆட்சியர்களில் இப்படி ஒரு வார்த்தை சொன்னவர் அவர் ஒருவர்தான். அது அப்போது செவெரேனுக்கு உறைக்கவில்லை. "சரிங்க ஐயா. சொல்றேன்," என்றான். மொக்போமா அவன் கையைப் பிடித்து இரண்டு கண்களிலும் ஒற்றிக்கொண்டார்.

கார் மைதானத்தைத் தாண்டியதும் செவெரேன் பின்னால் இருந்த லாந்த்ரியிடம் சொன்னான்: "அந்த ஆள் வடக்குக் கலகக்காரங்களோட ஃபோன்ல பேசறான்னு சொல்லு. நான் கார் ஓட்டும்போது என் காதால கேட்டேன்னு சொல்லு."

"அண்ணே, நிஜமாவா?"

"மொழிபெயர்க்கறவன்தானே நீ? சொல்லு."

லாந்த்ரி சொன்னான். தளபதி பெரிதாக ஆச்சரியப்படவில்லை. ஃபோனை எடுத்தான், இரண்டு வாக்கியம் பேசினான், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அந்த வாரமே ரேடியோவில் ஜனாதிபதியின் ஆணை வந்தது. கேப்டன் சோங்கா போய்ப் பழைய முறைப்படி மொக்போமாவைக் குப்புறப் படுக்கச் சொன்னான். பிறகு லாரியில் ஏற்றித் தலைநகருக்கு அனுப்பினான். அவர் அங்கே போய்ச் சேர்ந்தாரா என்று யாருக்கும் தெரியாது. அவர் மனைவியும் நாலு பிள்ளைகளும் மெத்தை, பாத்திரங்களோடு சாலையோரம் லாரிக்காகக் காத்துக் கிடந்தார்கள். அவர்களைக் கடந்துதான் செவெரேன் தினமும் ஓட்டினான். கடைசிப் பிள்ளை காரைப் பார்த்ததும் பழைய பழக்கத்தில் கையசைத்தது.

ஒதீலுக்கு விஷயம் தெரிந்தபோது அவள் கத்தவில்லை. "உன் தம்பியைக் கொன்னவன் உன் பக்கத்துலேயே உக்காந்திருந்தான். வண்டியைப் பள்ளத்துல விட்டிருந்தா நான் பெருமையாவே ஒப்பாரி வெச்சிருப்பேன். நீ போய் அந்த வாத்தியாரைப் பிடிச்சியா?" என்றாள். பிறகு தட்டை அவன் முன்னால் வைத்தாள்.

செவெரேன் தளபதிக்கு ஓட்டத் தொடங்கிய மூன்றாம் வருஷம், ஜனாதிபதி எதற்கோ கோபித்துக்கொண்டு வேறொரு நாட்டோடு ஒப்பந்தம் பேசினார். பழைய நண்பர்கள் காவலை எடுத்தார்கள். இரண்டு மாதத்துக்குள் அந்த ஜனாதிபதி இல்லை. புது ஜனாதிபதி புது நண்பர்களின் விமானத்திலேயே வந்து இறங்கினார். இனிமேல்தான் நாம் உண்மையிலேயே சுதந்திர நாடு என்றார். தொக்போ மலையில் முள்கம்பியைக்கூட மாற்றவில்லை. சிப்பாய்களின் தொப்பி மட்டும் மாறியது.

இடையில் கிடைத்த சில நாட்களில், மலையில் பழையவர்களும் இல்லை புதியவர்களும் இல்லை என்ற நேரத்தில், ஊர் தன் கணக்கைத் தீர்த்துக்கொண்டது. லாந்த்ரியை ஆற்றங்கரையில் பிடித்தார்கள். அவனைப் பற்றி இதற்கு மேல் சொல்ல வேண்டாம். செவெரேனைச் சந்தையில் இழுத்துப் போட்டு உலக்கையால் முழங்காலை உடைத்தார்கள். கூடையை இழு என்று கத்திய அதே பெண்கள்தான். மலைக்குக் கோழி கொண்டுபோனவர்களும் அதில் இருந்தார்கள்.

கால் ஒட்டியும் ஒட்டாமலும் எழுந்த பிறகு ஒருநாள் கம்பை ஊன்றிக்கொண்டு பெலாஜி வீட்டுக்குப் போனான். அவள் ஆற்றுக்கு அந்தக் கரையில் மறுகல்யாணம் செய்துகொண்டு போகிற ஏற்பாட்டில் இருந்தாள். அரிஸ்தீத்தின் மகள் வாசலில் மண்ணை அள்ளி அள்ளித் தலையில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"பெலாஜி, அவனை எங்க புதைச்சாங்கன்னு எனக்குத் தெரியும்மா. தண்ணித் தொட்டிக்குப் பின்னால. லாந்த்ரி காட்டினான். உன்கிட்ட சொல்லணும்னு..."

"எப்ப காட்டினான் மாமா?"

"நான் வேலைக்குச் சேர்ந்த மறுமாசம்."

"அப்ப மூணு வருஷம் அந்த இடத்துலதான் காரைக் கழுவினீங்க."

அவள் குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்து, தலையில் இருந்த மண்ணைத் தட்டிவிட்டாள். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சத்தம் வராமல், மெதுவாகத்தான் சாத்தினாள். செவெரேன் கம்பை ஊன்றி ஊன்றி வீடு வந்து சேர்ந்தான். ஒதீல் களியும் கீரைக் குழம்பும் வைத்தாள். பசித்தது. சாப்பிட்டான்.